ஒருவர் மட்டும்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

இங்கே நான், மகன், மருமகள் மூவரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய களிம்பைத் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறாயா?

மூன்று தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. எடுக்க மாட்டாய் என்று தெரிந்ததுதான், அதனால் எழுதுகிறேன்.

இந்த வருடக் கடைசியோடு எனக்கு வேலை முடிகிறது. முப்பத்திரண்டு வருடமாக இந்த ஊர் லிஃப்டுகளை ரிப்பேர் பார்த்தாயிற்று. இனி இவர்கள் படியேறட்டும். அதிலிருந்து ஒரு மாதத்தில் கம்பெனி கொடுத்த அறையைக் காலி செய்ய வேண்டும். அதனால் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். தனி வீடு. இரண்டு படுக்கையறை, பெரிய கூடம், பின்பக்கம் தனியாக ஒரு சின்ன அறை. மகனும் மருமகளும் என்னோடு வந்துவிடுவார்கள்.

ஒரு சிக்கல். இங்கே வெளிநாட்டுக்காரன் நிலம் வாங்கச் சட்டம் இல்லை. புரோக்கர் இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, என் பெயரிலேயே முப்பது வருடக் குத்தகை. அரசாங்கத்தில் பதிந்து தருவார்கள், முப்பது முடிந்தால் நிலம் பழையபடி உடையவனுக்கு. இன்னொன்று முழுச் சொந்தம். ஃப்ரீ ஹோல்ட் என்பார்கள். அதை இந்த ஊர்ப் பிரஜை பெயரில்தான் வாங்க முடியும். நம் மருமகள் இங்கேயே பிறந்தவள். அவள் பெயரில் வாங்கி, பணம் என்னுடையது என்று தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம்.

எதுவானாலும் அப்பா வீட்டை விற்றால்தான் நடக்கும். வீடு என் பெயரில் இருந்தாலும் பின்னறையில் உனக்கு ஆயுள் உள்ளவரை இருக்கும் உரிமை உயிலில் இருக்கிறது. அதை விட்டுக்கொடுத்து ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடு. உன்னைத் தெருவில் விடமாட்டேன். போக்கியத்துக்கு ஒரு வீடு பிடித்துத் தருகிறேன். மொத்தமாக நான் கட்டிவிடுவேன், மூன்று வருடம் வாடகைப் பேச்சே கிடையாது. உள்ளேயே குழாய் இருக்கும்.

பெரியவள் என்ற முறையில் உன் யோசனையையும் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு அக்கா எழுதியது.

கடவுள் புண்ணியத்தில் மூச்சு வந்து போகிறது. முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. மருமகளைக் கேட்டதாகச் சொல்.

நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று உனக்குத் தெரியாததில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, 'உன் பொண்ண நான் பார்த்துக்கறேன், நீ கவலைப்படாத'ன்னு போனில் சொன்னாய். ஆறு மாதம் கழித்துக் கேட்டதற்கு, 'லைன் சரியில்லக்கா, வேற என்னமோ சொல்லியிருப்பேன்' என்றாய். அன்றிலிருந்து எனக்குக் காகிதம்தான் சாட்சி. உன் கடிதங்கள் ஒன்றுவிடாமல் தகர டப்பாவில் இருக்கின்றன.

அப்பா உயில் எழுதிய நாளும் நினைவிருக்கிறது. ஒரு புதன்கிழமை. நீ நீலக் கோடு போட்ட சட்டையில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அப்பா பாதி வீட்டை என் பேருக்கு எழுதத்தான் வாயெடுத்தார். 'அவளுக்கு இருக்க இடம் இருந்தா போதாதாப்பா? சொந்தம் எதுக்கு?' என்று கேட்டாய். பத்திரம் எழுதுபவர் மை தொட்டுவிட்டுக் காத்திருந்தார். அப்புறம் நீயே, 'அவ ஒருத்தி மட்டும்னு சேர்த்துக்குங்க' என்றாய். தாலியறுத்து வந்து நாலு மாதம். பதினொரு வயது மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டாள். அந்த ஒரு சொல்லால் அவள் ஹாஸ்டலுக்குப் போனாள்.

போகட்டும். யோசனை கேட்டாய். எனக்குத் தெரிந்ததை நேர்மையாகச் சொல்கிறேன். பத்திரம் எழுதுபவர் இப்போது கிழவர், கண் தெரியவில்லை, ஆனால் சட்டம் தெரிகிறது. போய்க் கேட்டேன். 'தன் பேர்ல பதிஞ்ச குத்தகைய எவனும் அசைக்க முடியாது. அடுத்தவ பேர்ல இருக்கற சொந்தம் அடுத்தவளுக்குத்தான் சொந்தம்' என்றார். உனக்கு ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் போனால் எண்பத்தெட்டு. நம் வீட்டில் ஆண்கள் எழுபதைத் தாண்டியதில்லை. மிச்சப் பதினெட்டு வருடத்தை என்ன செய்யப் போகிறாய்? குத்தகையே எடு.

கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் மகள் பதினேழு வருடம் கழித்து எழுதியிருக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டானாம். 'உன்கூட வந்து இருக்கட்டுமாம்மா' என்று கேட்டிருக்கிறாள். போக்கிய வீட்டை இரண்டு பேர் இருப்பதாக எழுதிக்கொடு. வேறெதுவும் வேண்டாம்.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லாரும் நலம். உன் ஞாபகசக்தியும் நலமாக இருப்பது தெரிகிறது. நீலக்கோட்டுச் சட்டை எனக்கே நினைவில்லை.

குத்தகை எனக்குச் சரிப்படாது. அப்பா சொன்னதை மறந்துவிட்டாயா? குத்தகைக்காரன் சுவரில் ஆணி அடிக்கக்கூட யோசிப்பான் என்பார். முப்பத்திரண்டு வருடம் கம்பெனி அறையில் ஒரு காலண்டர் மாட்ட அனுமதி கேட்டவன் நான். சாகும்போதாவது என் வீட்டில் சாக வேண்டும். கண் தெரியாத கிழவருக்கு இந்த ஊர்ச் சட்டம் என்ன தெரியும்?

உன் மகள் விஷயம் வேண்டாம். நான் யோசித்துத்தான் சொல்கிறேன். இன்றைக்கு அவள், நாளைக்கு அவள் பிள்ளைகள், அப்புறம் அவள் மாமியார் வீட்டுக்காரர்கள். போக்கிய வீட்டுக்கார அம்மா மாடியிலேயே இருப்பவர், கூட்டம் பிடிக்காது என்றார். நானும் 'எங்கக்கா ஒருத்திதாங்க' என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒருவர் மட்டும் என்று பத்திரத்திலேயே போட்டுவிடுவோம். பிற்பாடு தகராறு இருக்காது.

உனக்கு இருக்க இடம் இருந்தால் போதாதா அக்கா? இந்த வயதில் எதற்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறாய்?

ஜூன் மாதம் பத்து நாள் லீவில் வருகிறேன். எல்லாவற்றையும் முடித்துவிடுவோம்.

அன்புடன் தம்பி


ஏப்ரல் 2

மரியாதைக்குரிய பெரிய அத்தைக்கு,

வணக்கம். நான் உங்கள் தம்பி மருமகள். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். கல்யாணத்தில் ஒரு முறை பார்த்ததுதான். அன்றைக்கு நீங்கள் என் தலையைத் தடவி, 'எது நடந்தாலும் எழுது' என்றீர்கள். அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

நான் உங்கள் தம்பி மகனை விட்டு விலகப் போகிறேன். மூன்று வருடமாக அடி. போன மாதம் முன்பல் போயிற்று. நான் வேலை பார்ப்பது பல் ஆஸ்பத்திரியில். என் டாக்டருக்கே வாயைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. மாமாவிடம் சொன்னேன். 'ஆம்பளைன்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருப்பான், வீடு வாங்கினா சரியாயிடும்' என்றார். ஆகஸ்டில் வழக்குப் போட வக்கீலைப் பார்த்துவிட்டேன்.

இப்போது மாமா புது வீட்டை என் பெயரில் வாங்கப் போகிறேன் என்கிறார். அந்தத் தனி ஒப்பந்தம் இந்த ஊர்க் கோர்ட்டில் நிற்காது அத்தை. யார் பெயரில் பட்டாவோ அவர்களுக்குத்தான் வீடு. பிரிந்த பிறகு நான் என்ன செய்வேனோ எனக்கே தெரியாது. வேண்டாம் என்று நான் சொன்னால் காரணம் கேட்பார். காரணம் என் வீட்டுக்காரர் காதுக்குப் போனால் வழக்கு வரைக்கும் உயிரோடு இருப்பேனா தெரியாது.

நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் மாமா கேட்பார். குத்தகையே போதும் என்று சொல்லிவிடுங்கள். இல்லை, நானே சொல்லிவிடட்டுமா?

உங்கள் மகள் போன்ற
மருமகள்


ஏப்ரல் 18

மருமகளுக்கு ஆசீர்வாதம்.

பல் போன இடத்தில் உப்புத் தண்ணீர் விட்டுக் கொப்பளி. புதுப் பல் கட்டிக்கொள். சிரிக்கும்போது கையால் வாயை மூடாதே.

நீ செய்வது சரி. அடிக்கிறவன் வீடு மாறினால் நிறுத்தமாட்டான், புதுச் சுவரில் மோதுவான், அவ்வளவுதான். நீ வாயைத் திறக்க வேண்டாம். என் தம்பிக்குச் சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கொள்கிறேன். அவன் பிறந்த நாளிலிருந்து அவனை எனக்குத் தெரியும். நான் எழுதிய பிறகும் உன் பெயரில்தான் வாங்குவேன் என்று அவன் நின்றால், அது அவன் தலையெழுத்து. நீ கையெழுத்துப் போட்டுவிடு. மனசில் குற்றம் வைத்துக்கொள்ளாதே.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப்போடு.

அத்தை


ஏப்ரல் 18

அன்புள்ள தம்பிக்கு ஆசை அக்கா எழுதுவது.

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும், நூறு வருடம் இருக்க வேண்டும்.

ராத்திரி பகலாக யோசித்தேன். நீ சொன்னதே சரி. அப்பா ரத்தம் நம் உடம்பில் ஓடும்போது குத்தகைக்காரனாக நீ எப்படி இருப்பாய்? ஆணி அடிக்க அனுமதி கேட்டவன் போதும். சொந்தம் என்றால் சொந்தம். கிழவர் பேச்சைக் கேட்டு நான் எழுதியதை மறந்துவிடு.

மருமகள் பெயரிலேயே வாங்கு. நல்ல பெண். அதிகம் பேசாத பெண்ணைத்தான் நம்பலாம். அவள் தயங்கினால் அது வெட்கம். நீ விட்டுவிடாதே.

என் மகளுக்கு வர வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டேன். நீ சொன்னபடி ஒருவர் மட்டும் என்றே பத்திரத்தில் எழுது. எனக்கு இருக்க இடம் இருந்தால் போதும்.

ஜூனில் வா. பேனாவை நானே எடுத்து வைக்கிறேன்.

உன் நலம் நாடும் அக்கா


ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் சொந்த வீட்டிலிருந்து எழுதுகிறேன். அதைச் சொல்லத்தான் முதல் வேலையாக உட்கார்ந்தேன். எல்லாரும் நலம்.

நீ விடுதலைப் பத்திரத்தில் ஒரு சொல் பேசாமல் கையெழுத்துப் போட்டது எனக்கே ஆச்சரியம். நாம் பின்னறையைப் பூட்டி வெளியே வந்தபோது நீ திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய மனசு அக்கா உனக்கு. புது இடம் பழகியதா? குழாயில் தண்ணீர் வருகிறதா?

வீடு பிரமாதம். வந்த அன்றே கூடத்தில் ஆணி அடித்தேன். யாரையும் கேட்கவில்லை. மாட்ட ஒன்றுமில்லை, இருந்தாலும் அடித்தேன். மொத்தம் பதினோரு ஆணி.

ஒரு வேடிக்கை. பதிவு ஆபீஸில் மருமகள் பேனாவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பதிவாளரே தண்ணீர் கொடுத்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'மாமா, பெரிய அத்தை உங்களுக்கு ஏதாவது எழுதினாங்களா?' என்று கேட்டாள். 'எழுதினாங்களே, உன் பேர்லயே வாங்கச் சொல்லித்தான் எழுதினாங்க'ன்னேன். அப்படியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். உன்மேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பின்பக்கத்துச் சின்ன அறையில் என் பழைய டூல் பெட்டியைப் போட்டு வைத்திருக்கிறேன். மனுஷன் இருக்கிற மாதிரி இல்லை, காற்று வராது.

சொந்த வீட்டுக்காரத் தம்பி


செப்டம்பர் 14

தம்பிக்கு,

நலம். குழாயில் தண்ணீர் வருகிறது. சுவரில் ஈரம் இருக்கிறது. மாடி அம்மா தினமும் காலையில் வாசலைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

உன் வீடு நலமா? மருமகள் நலமா? ஆணிகள் நலமா?

அக்கா


டிசம்பர் 9

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. உடம்பு சுகமாகத்தான் இருக்கிறது. மற்ற எதுவும் இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் கோர்ட் ஆள் வந்து காகிதம் கொடுத்தான். மருமகள் விவாகரத்துக் கேட்டிருக்கிறாள். மகன் அவள்மேல் பாய்ந்தான், போலீஸ் வந்தது, அவன் வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவு. இப்போது எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரியவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு இரண்டு வக்கீலிடம் போனேன். முதல் ஆள் சிரித்தான். இரண்டாவது ஆள் நல்லவர், சிரிக்கவில்லை. 'முப்பது வருஷக் குத்தகை உங்க பேர்ல எடுத்திருந்தா உங்கள ஒரு ஆள் தொட்டிருக்க முடியாது'ன்னார். உன் கிழவர் சொன்ன அதே வார்த்தை.

வீடு அவளுடையது. அவள் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. 'மாமா, நீங்க பின்ரூம்ல இருங்க. விக்கிற வரைக்கும். நீங்க ஒருத்தர் மட்டும், உங்க பையன் வரக்கூடாது'ன்னு சொன்னாள். டூல் பெட்டியை நகர்த்திவிட்டுப் படுக்கிறேன். நான் கூடத்தில் அடித்த ஆணிகளைப் பிடுங்கி ஓட்டைகளைப் பூசிவிட்டாள்.

வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. வீட்டை வாங்க ஆள் வந்துவிட்டான், மார்ச்சில் கைமாறுகிறது. அதற்குமேல் எனக்கு இந்த ஊரில் காசும் இல்லை, இடமும் இல்லை.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். நேற்று அவளிடம், 'ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?' என்று கேட்டேன். 'பெரிய அத்தை சொல்றேன்னு சொன்னாங்களே மாமா'ன்னாள். உனக்கு முன்பே தெரியுமா?

தெரிந்திருந்தாலும் போகட்டும். நான் உன்னிடமே வந்துவிடுகிறேன் அக்கா. அம்மா வயிற்றில் பிறந்தவர்களில் நாம் இரண்டு பேர்தான் மிச்சம். ஒரு பாய் விரிக்கிற இடம் போதும்.

தம்பி


ஜனவரி 5

தம்பிக்கு அக்கா எழுதுவது.

உயிரோடு இருக்கிறேன். நீயும் இருப்பாய் என்று நினைக்கிறேன். நம் வீட்டு ஆண்கள் எழுபது வரை இருப்பார்கள்.

தெரியும். மருமகள் ஏப்ரல் இரண்டாம் தேதி போட்ட கடிதம் பதினேழாம் தேதி என் கைக்கு வந்தது. பதினெட்டாம் தேதி உனக்கு எழுதினேன். அதற்கு முன்னால் பிப்ரவரி இருபதாம் தேதி உனக்கு உண்மையை எழுதியிருந்தேன். அதில் ஒன்றைக் கேட்டும் இருந்தேன். இரண்டுக்கும் நீ மார்ச் பன்னிரண்டாம் தேதி பதில் எழுதினாய். நான் எழுதியவற்றின் நகலோடு எல்லாம் டப்பாவில்தான் இருக்கின்றன. உன் கடிதத்தை மட்டும் மேலே வைத்திருக்கிறேன்.

என் மகளுக்கு வர வேண்டாம் என்று எழுதினேன் அல்லவா, அந்தக் கடிதம் அவள் கைக்குப் போய்ச் சேரவில்லை. ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி, பழைய வீட்டுத் தெருவில் விசாரித்துக்கொண்டு நாலரை மணிக்குப் பையோடு வந்து நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. எனக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதற்குள் மாடி அம்மா இறங்கி வந்துவிட்டார். 'பத்திரத்துல ஒருத்தர்னுதானே இருக்கு, வாசல்ல செருப்பு ரெண்டு ஜோடி கிடக்கே' என்றார். நான் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். ஆறாவது வரி. கீழே உன் கையெழுத்து. என் மகள் அதைப் படித்துவிட்டு, 'பழசுதானேம்மா' என்று சொல்லி எழுந்துவிட்டாள். பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுக்கக்கூட என் முழங்கால் வரவில்லை. அதற்குப் பிறகு நான் போட்ட மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. உனக்கு நான் செப்டம்பரில் எழுதியது இதெல்லாம் நடந்த பிறகு.

நீ இங்கே வந்து இருக்க முடியாது. ஒருவர் மட்டும். நான் சொல்லவில்லை, உன் பத்திரம் சொல்கிறது. மாடி அம்மாவைக் கேட்டுப் பார்த்திருக்கலாம். நான் கேட்கவில்லை. முதல் வருடத்திலேயே பத்திரத்தைத் திருத்துவது அவ்வளவு நன்றாக இருக்காது.

அக்காவைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தால் வா. என் மகள் உட்கார்ந்த முக்காலி கதவோரம் அப்படியே கிடக்கிறது. ஆறு மணி வரை உட்காரலாம், தண்ணீர் தருகிறேன், அதற்குமேல் மாடி அம்மா இறங்கி வருவார்.

வரும்போது ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஹாஸ்டல் முதல் லீவுக்கு என் மகள் வந்தபோது நீ லீவில் இருந்தாய். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலுக்கு வந்தாய். உள்ளே தங்கவிட்டால் பிற்பாடு அனுபவ பாத்தியம் என்று வந்து நிற்பாள் என்று உனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். முன் அறையில் குடியிருந்த தையல்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பதினொரு வயதுப் பிள்ளையிடம் ஒன்று சொன்னாய். உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. அதையே எழுதுகிறேன், ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை:

'பையை உள்ள கொண்டு வராத. வாசலோரமா வை. தங்க வந்த ஆள் இல்லன்னு எல்லாருக்கும் தெரியட்டும்.'

பனிக்காலம், காதை மூடிக்கொண்டு படு.

அக்கா